பேசிய செடி, பேசாத செடி: இருபத்து நான்கு மிளகாய்த் தொட்டிகளில் நடத்திய சோதனை

செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அதனோடு பேசும் பழக்கம் எனக்கு எப்போது ஒட்டிக்கொண்டது என்று நினைவில்லை. ஒருநாள் தொட்டி வரிசையின் முன்னால் குனிந்து நின்று, "என்ன, நேற்று ஊற்றியது போதவில்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததை என் தங்கை பார்த்துவிட்டாள். "அது பதில் சொன்னால் எனக்கும் சொல், அக்கா" என்று கூறிவிட்டுப் போனாள். கேலி உறைத்தது என்பதைவிட, என்னிடம் விடை இல்லை என்பது உறைத்தது. பேசினால் செடி நன்றாக வளரும் என்று தோட்டம் போடுகிறவர்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள், மீதிப் பேர் சிரிக்கிறார்கள். நான் முதல் பாதியில் இருந்துகொண்டே ஒருமுறையும் அளந்து பார்த்தவளில்லை. அளவுகோலும் தராசும் வீட்டில் இருக்க, அளக்காமல் விடுவதற்குக் காரணம் ஏதுமில்லை என்று பட்டது. விதை போட்டதிலிருந்து கணக்கிட்டால் இரண்டு சுற்றுக்குமாகப் பதினேழு வாரம் ஆயிற்று. முதல் சுற்று முழுவதும் வீணானது. அது வீணான விதத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன், ஏனெனில் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க நினைக்கும் எவரும் அதே குழியில்தான் விழுவார்கள்.

கேள்வி மிகப் பழையது. ஜெர்மானிய அறிஞர் குஸ்டாவ் ஃபெக்னர் 1848ஆம் ஆண்டிலேயே தாவரங்களுக்கும் உள்ளம் உண்டு என்று வாதிட்டு ஒரு நூல் எழுதினார். சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸிடம் ஒரு செடியின் அருகே அமர்ந்து பசூன் என்னும் ஊதுகருவியை வாசிக்கச் சொன்னார். இப்படிப்பட்ட முயற்சிகளுக்கு 'முட்டாளின் சோதனை' என்று அவரே பெயரும் வைத்திருந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் டி.சி.என். சிங் காசித்தும்பைச் செடிகளுக்கு இசை கேட்கச் செய்து, அவை மற்றவற்றைவிட நன்றாக வளர்ந்ததாக அறிவித்தார். 2009இல் பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் பத்துப் பேரின் குரல்களைப் பதிவு செய்து, ஒரு மாதம் தக்காளிச் செடிகளுக்கு ஒலிக்கவிட்டு அளந்தபோது, முதலிடம் பெற்றது டார்வினின் எள்ளுப்பேத்தி சாரா டார்வினின் குரல். அவர் வாசித்ததும் தம் முன்னோரின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலிலிருந்து ஒரு பகுதிதான். அந்தச் சோதனையில் குரல் மட்டும் கருவி வழியாகச் செடிக்குப் போனது. வீட்டில் நாம் பேசுவது அப்படியன்று. நம்முடைய மூச்சு, நிழல், உடல் வெப்பம், கை எல்லாமே பேச்சோடு சேர்ந்து செடியின் அருகே போகின்றன. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

ஒரே பொட்டலத்து மிளகாய் விதைகளை ஐம்பது குழிகள் உள்ள குழித்தட்டில், தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவில் கலந்த கலவையில் போட்டேன். நாற்பத்தொன்று முளைத்தன. ஐந்து வாரத்தில், உயரத்திலும் இலை எண்ணிக்கையிலும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்த இருபத்து நான்கு நாற்றுகளை எடுத்து, ஒரே அளவுத் தொட்டிகளில் நட்டேன். எந்த நாற்று எந்தக் குழுவுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்தேன்; நானே பிரித்திருந்தால் அழகான நாற்றுகள் அத்தனையும் பேச்சுக் குழுவுக்குப் போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழுவுக்கு ஆறு தொட்டிகள், ஆறும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில். பேச்சுப் பெட்டியிடம் நான் நேரில் பேசுவேன். பதிவுப் பெட்டிக்கு என் குரலின் ஒலிப்பதிவு மட்டும். மௌனப் பெட்டியின் முன்னால் அதே நேரம் வாய் திறக்காமல் நிற்பேன். தனிப் பெட்டி தன் பாட்டுக்கு இருக்கும்.

ஒலியை ஒரு பெட்டியோடு நிறுத்துவதுதான் முதல் சிக்கல். சாதாரண உரையாடல் ஒரு மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 60 டெசிபல் இருக்கும். திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் குறையும். வீட்டுக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அந்த அளவுகூடக் குறையாது. ஆகவே நான்கு பெட்டிகளையும் ஒரே வெளிச்சத்தில் ஒரே பலகையின் மேல் வைத்துக்கொண்டு ஒன்றிடம் மட்டும் பேசுவது என்பது நடக்காது. மற்ற மூன்றும் ஒட்டுக்கேட்கும். எனவே நாள்தோறும் காலையில் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கதவு சாத்திய ஒரு சிறிய அறைக்குள் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் வைத்திருந்து திருப்பிக் கொண்டுவந்தேன். தனிப் பெட்டியையும் அப்படியே தூக்கிக்கொண்டு போனேன், ஏனெனில் தூக்கும்போது ஏற்படும் குலுக்கலும் செடிக்கு ஒரு செய்தி. அதை மூன்றுக்குக் கொடுத்து ஒன்றுக்குக் கொடுக்காமல் விட்டால் கணக்கு கெட்டுவிடும்.

மௌனப் பெட்டி எதற்கு என்று கேட்கலாம். பேசுவதால் பயன் உண்டு என்போர் சொல்லும் முதல் காரணம் மூச்சிலிருந்து வரும் கரியமில வாயு என்பதால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெளிக்காற்றில் அந்த வாயு பத்து இலட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது. நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய நூறில் நான்கு பங்கு, அதாவது நூறு மடங்கு. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும், மனிதர் ஒருவர் ஒரு நாளில் வெளிவிடுவது சுமார் ஒரு கிலோ. பத்து நிமிடத்துக்கு ஏழு கிராம். மூன்று மீட்டர் நீள, அகல, உயரம் கொண்ட அறையில் அது கரைந்தால் 420 என்பது 560 அல்லது 570 ஆகும், அவ்வளவுதான். அதுவும் பகல் முழுவதிலும் பத்தே நிமிடத்துக்கு. இருந்தாலும் மௌனமாக நிற்கிறவரும் மூச்சு விடுகிறார் என்பதால், பேச்சுக்கும் மௌனத்துக்கும் வேறுபாடு தெரிந்தால் அது மூச்சால் வந்ததன்று என்று சொல்லிவிட முடியும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கதவைத் திறந்து காற்றை மாற்றினேன். எந்தப் பெட்டி முதலில் உள்ளே போவது என்பதை நாள்தோறும் சுழற்றினேன். தண்ணீரையும் கண்ணளவில் ஊற்றாமல், ஒவ்வொரு தொட்டியையும் மாலையில் தராசில் வைத்து, நட்ட அன்று குறித்த நனைந்த எடையை எட்டும்வரை ஊற்றினேன். ஏழு நாளுக்கு ஒருமுறை, விதையிலைக் காம்பிலிருந்து கொழுந்து வரை உயரமும், அந்தக் காம்புக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே தண்டின் பருமனும் அளந்தேன்.

பத்து நிமிடம் என்பது செடியிடம் பேசுவதற்கு எவ்வளவு நீண்ட நேரம் என்பது முதல் நாள் அறைக்குள் போன பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் ஊற்றும்போது தானாக வருகிற சொற்கள், கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றால் வருவதில்லை. மூன்றாவது நிமிடத்தில் வற்றிவிட்டேன். ஏதாவது படித்துக் காட்டிவிடலாமா என்று நினைத்துப் பார்த்தேன். படித்தால் கண் தாளில் இருக்கும், அது செடியோடு பேசுவது ஆகாது என்று விட்டுவிட்டேன். பிறகு ஒவ்வொரு செடியாகப் போய், அதனதன் இலையையும் தண்டையும் பார்த்து, கண்ணில் பட்டதை அதனிடமே சொல்லத் தொடங்கினேன். நேரம் சரியாக இருக்கிறதா என்று பின்னர் பார்ப்பதற்காகச் செல்பேசியில் நாள்தோறும் ஒலிப்பதிவும் செய்தேன். முதல் நாள் பதிவையே பதிவுப் பெட்டிக்கு ஒதுக்கி, இலையருகே என் குரல் எந்த அளவில் இருந்ததோ அதே அளவுக்கு ஒலிபெருக்கியின் ஒலியைக் கூட்டிக் குறைத்து வைத்தேன். மற்ற நாள்களின் பதிவுகளைத் திரும்பக் கேட்பேன் என்று அப்போது நினைக்கவில்லை.

மூன்று வாரம் முடிந்தபோது நோட்டைப் பார்த்துத் திகைத்துப் போனேன். பதிவு, மௌனம், தனிமை ஆகிய மூன்று பெட்டிகளின் சராசரி உயரம் 18.9, 19.3, 18.7 சென்டிமீட்டர். பேச்சுப் பெட்டியின் உயரம் 16.1. செடிகள் குட்டையாக இருந்தனவே தவிர நோஞ்சானாக இல்லை. தண்டின் பருமன் மற்றவற்றில் 3.1 மில்லிமீட்டர் அளவில் இருக்க, இவற்றில் 3.6 இருந்தது. இலை கரும்பச்சை. நாற்று வளர்க்கும் எவரும் விரும்பும் உறுதியான, கட்டையான கன்றுகள். பேச்சு செடியை உயரமாக்காமல் உறுதியாக்குகிறது என்று நோட்டில் அரைப் பக்கத்துக்கு எழுதினேன். குரலின் அதிர்வு தண்டை நுண்ணியதாக அசைத்து அதைப் பலப்படுத்துகிறது என்று ஒரு விளக்கமும் சேர்த்தேன். அந்த அரைப் பக்கத்தை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அந்த அதிர்வைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, மெல்லிய காகிதக் கைக்குட்டையிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு கீற்றைக் கிழித்து, கொழுந்தின் பக்கத்தில் குச்சியில் தொங்கவிட்டேன். ஒரு சாண் தொலைவிலிருந்து பேசியபோது கீற்று ஆடியது. ஆனால் எல்லாச் சொற்களுக்கும் ஆடவில்லை. 'அப்பா', 'தப்பு', 'பூ' என்று உதட்டிலிருந்து காற்று தெறிக்கும் இடங்களில் ஆடியது. 'நன்று', 'இலை' என்றபோது சும்மா இருந்தது. மூன்று சாண் தள்ளி உட்கார்ந்து, குரலை உயர்த்திச் சொன்னாலும் கீற்று அசையவில்லை. அங்கே செடியை அசைத்தது ஒலியன்று, வாய்க்காற்று. என் விளக்கத்தில் முதல் விரிசல் அப்போதே விழுந்துவிட்டது என்றாலும், வாய்க்காற்றும் பேச்சின் பகுதிதானே என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மீதியை உடைத்தவள் தங்கை. அவளை அழைத்து எண்களைக் காட்டியபோது, அவள் எண்களைப் பார்க்காமல், "பேசும்போது உன் கை எங்கே இருக்கும், அக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் செல்பேசியை அலமாரியில் சாய்த்துவைத்துக் காணொளி எடுத்தோம். திரையில் தெரிந்த பெண் ஒரு செடியோடும் கையை ஒதுக்கி வைத்துப் பேசவில்லை. இலையின் அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்க்கிறாள். கொழுந்தைச் சுட்டுவிரலால் தட்டுகிறாள். "நிமிர்ந்து நில்" என்று சொல்லிக்கொண்டே தண்டைப் பிடித்து நிமிர்த்துகிறாள். பத்து நிமிடத்தில் நாற்பத்தேழு தொடுகைகளை எண்ணினோம். மௌனப் பெட்டியின் முன்னால் அதே பெண் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு தொடுகைகூட இல்லை. மௌனமாக நிற்க வேண்டும் என்ற விதி வாயை மட்டும் கட்டவில்லை, கையையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

செடியைத் தொட்டால் அது குட்டையாகவும் தடிமனாகவும் வளரும் என்பது தாவரவியலில் நன்கு அறியப்பட்ட உண்மை. மார்க் ஜாஃபி 1973இல் இந்த இயல்புக்குத் திக்மோமார்ஃபோஜெனிசிஸ் என்று பெயரிட்டார். காற்று அலைக்கழிக்கும் இடத்தில் நிற்கும் மரம் அடர்ந்த தோப்புக்குள் நிற்கும் மரத்தைவிடக் கட்டையாக இருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்: அசைக்கப்படும் தண்டு நீள்வதைக் குறைத்துக்கொண்டு குறுக்கே பருக்கிறது. இதில் எனக்கு மிகவும் ஆறுதலளித்தது 1990இல் வெளியான ஒரு கண்டுபிடிப்பு. ஜேனட் பிராம், ரொனால்ட் டேவிஸ் இருவரும் வளர்ச்சி ஊக்கி ஒன்றை, ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் கடுகு இனச் சிறுசெடியான அராபிடாப்சிஸின் மேல் தெளித்து, அதனால் எந்த மரபணுக்கள் தூண்டப்படுகின்றன என்று தேடினார்கள். சில மரபணுக்கள் அரை மணி நேரத்துக்குள் பல மடங்கு விழித்துக்கொண்டன. ஆனால் ஒப்பீட்டுக்காக வெறும் தண்ணீர் தெளித்த செடிகளிலும் அதே மரபணுக்கள் அதே அளவில் விழித்திருந்தன. வெறும் விரலால் தொட்டாலும் விழித்தன. அவர்கள் தேடியது மருந்தின் விளைவை. கண்டுபிடித்தது தெளிப்பின் விளைவை. தெளிப்பானை வெறும் தண்ணீரோடு ஒருமுறை அழுத்திப் பார்க்கும் நேர்மை அவர்களிடம் முதலிலிருந்தே இருந்தது. நான் 'பேசாமல் தொடுவது' என்று ஐந்தாவது பெட்டி ஒன்றை வைத்திருக்க வேண்டியவள்.

மீந்திருந்த நாற்றுகள் குழித்தட்டிலேயே முற்றிவிட்டதால், மறுபடியும் விதை போட்டு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் சுற்றில் மூன்று விதிகளைச் சேர்த்தேன். பேசும்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். முகம் செடியிலிருந்து அறுபது சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். காகிதக் கீற்று ஆடினால் இன்னும் பின்னால் நகர வேண்டும். கைக்கு வேலை கொடுப்பதற்காக இரண்டு கைகளாலும் ஒரு கனத்த புத்தகத்தை மடியில் பிடித்துக்கொண்டேன். முதல் வாரம் முழுவதும் கை தானாகப் புத்தகத்தை விட்டு எழுந்ததைக் கவனித்து அடக்கினேன். கையைக் கட்டினால் பேச்சும் பாதி அடைத்துக்கொள்கிறது என்பது எனக்குப் புதிய செய்தி.

மூன்று வார முடிவில் நான்கு பெட்டிகளின் சராசரி உயரம்: பேச்சு 18.6, பதிவு 18.9, மௌனம் 18.4, தனிமை 19.0 சென்டிமீட்டர். தண்டின் பருமனில் கருவியின் பிழைக்கு மேல் வேறுபாடு இல்லை. ஒரே பெட்டிக்குள் குட்டையான செடிக்கும் உயரமான செடிக்கும் நடுவே நான்கு சென்டிமீட்டர் வரை இருக்கும்போது, பெட்டிகளுக்கு இடையே உள்ள இந்த அரை சென்டிமீட்டருக்குப் பொருள் ஏதுமில்லை. ஆறு செடிகளைக் கொண்டு மிகச் சிறிய விளைவு எதையும் இல்லை என்று மறுக்கவும் முடியாது. கையை விலக்கிவிட்டால், கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பேச்சு எதையும் செய்யவில்லை என்பது மட்டும் உறுதி.

இதனால் செடிகளை அதிர்வே எட்டாத பொருள்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் ஹைடி ஆப்பெல், ரெக்ஸ் காக்ராஃப்ட் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கம்பளிப்புழு இலையை மெல்லும்போது உண்டாகும் அதிர்வைப் பதிவு செய்து, புழு இல்லாமலேயே அந்த அதிர்வை மட்டும் அராபிடாப்சிஸ் இலைகளுக்குக் கொடுத்தார்கள். பின்னர் உண்மையான புழுக்கள் தாக்கியபோது, அதிர்வை முன்பே உணர்ந்திருந்த செடிகள் கார எண்ணெய்ப் பொருள்களை அதிகமாகச் சுரந்தன. காற்றின் அதிர்வுக்கும் வேறொரு பூச்சியின் பாட்டுக்கும் அப்படிச் சுரக்கவில்லை. செடிக்குத் தேவையானது எதுவோ அதைத்தான் செடி கேட்கிறது. அந்தப் பட்டியலில் என் பேச்சு இருக்க வேண்டிய அவசியமில்லை. எதிர்த்திசையிலும் ஒரு செய்தி உண்டு. தண்ணீர் இல்லாத தக்காளியும் புகையிலையும் மணிக்கு முப்பதிலிருந்து ஐம்பது வரை சொடுக்கொலிகளை எழுப்புகின்றன என்று டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். அவற்றின் அதிர்வெண் 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸ். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். "நேற்று ஊற்றியது போதவில்லையா?" என்று நான் கேட்ட கேள்விக்கு ஒருவேளை மிளகாயும் பதில் சொல்லியிருந்தாலும், அதைக் கேட்க எனக்கு இருக்கும் கருவி தொட்டியைத் தூக்கிப் பார்க்கும் தராசு மட்டுமே.

சோதனை அதோடு முடிந்திருக்க வேண்டும். இரண்டாம் சுற்றின் இருபத்து நான்காம் நாள், பெட்டிகளைத் தூக்கும்போது கொழுந்துகள் பல செடிகளில் சிறுத்து, இளம் இலைகளின் விளிம்புகள் கீழ்நோக்கி மடங்கி, கவிழ்த்த படகு போல ஆகியிருப்பதைப் பார்த்தேன். மிளகாயில் இலை மேல்நோக்கிக் கிண்ணம் போலச் சுருண்டால் இலைப்பேனையும், கீழ்நோக்கிச் சுருண்டால் இலைச்சாற்றை உறிஞ்சும் மிக நுண்ணிய மஞ்சள் சிலந்தியையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு கொழுந்தைக் கிள்ளி, செல்பேசியில் மாட்டும் உருப்பெருக்கு ஆடியை அதன் அடிப்பக்கத்தில் வைத்தபோது, நடு நரம்பின் ஓரமாக வெளிறிய தேன் நிறத்தில், கண்ணாடித் துளி போன்ற உயிர்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெறும் கண்ணுக்குத் தூசியாகக்கூடத் தெரியாதவை அவை. முழு வளர்ச்சி பெற்றதே ஐந்தில் ஒரு மில்லிமீட்டர்தான். அவற்றின் நடுவே, மேற்பரப்பில் வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாகப் பதித்த நீள்வட்ட முட்டைகள். அழகாக இருந்தன என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தன.

நான்கு பெட்டிகளிலும் சிலந்தி இருந்தது. காலைதோறும் பெட்டிகளைக் கட்டிப் பிடித்து, ஒரே அறைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சென்றவள் நானே என்பதால், அதை வரிசையாகப் பரப்பியதும் பெரும்பாலும் என் சட்டைக் கைதான். எப்போது தொடங்கியிருக்கும் என்று பார்க்க நோட்டைப் புரட்டினேன். இருபத்தோராம் நாள் அளவீட்டின் எதிரே "உயரம், பருமன் சரி, குறை ஏதும் இல்லை" என்று என் கையெழுத்தில் இருந்தது. அப்போதுதான் ஒலிப்பதிவுகள் நினைவுக்கு வந்தன. அன்றிரவு உட்கார்ந்து பின்னாலிருந்து முன்னாக ஒவ்வொன்றாகக் கேட்டேன். பத்தொன்பதாம் நாள் என் குரல் மூன்றாம் தொட்டியிடம், "இலைக்கு அடியில் எண்ணெய் தடவிக்கொண்டாயா, இப்படி மினுங்குகிறாய்?" என்று கேட்கிறது. பதினேழாம் நாள் பதிவில், "உனக்கு மட்டும் என்ன கோபம், கொழுந்தை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறாய்?" என்று இருக்கிறது. இரண்டுமே மஞ்சள் சிலந்தியின் தொடக்க அறிகுறிகள். பார்த்திருக்கிறேன், வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன், சொன்னவள் அதைக் காதில் வாங்கவில்லை. நோட்டில் உயரத்துக்கும் பருமனுக்கும் மட்டுமே கட்டம் போட்டிருந்ததால், கோபத்தையும் மினுக்கத்தையும் எழுத அதில் இடமில்லை.

வெப்பமான நாள்களில் இந்தச் சிலந்தி முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ ஐந்து நாள் போதும். பதினேழாம் நாளுக்கும் இருபத்து நான்காம் நாளுக்கும் நடுவே ஒரு தலைமுறை முழுவதும் பிறந்து, அடுத்த தலைமுறைக்கு முட்டையும் இட்டிருக்கும். அந்த ஏழு நாளை நான் இழந்தேன்.

மௌனப் பெட்டியின் முன்னாலும் அதே பத்து நிமிடம் நின்றேனே, அங்கே ஏன் ஒன்றும் கண்ணில் படவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அங்கே பதிவு எதுவும் இல்லாததால் பட்டதா இல்லையா என்பதையே நிறுவ முடியாது. எனினும் அந்தப் பத்து நிமிடங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன: கண் பெரும்பாலும் கடிகாரத்தில் இருந்தது. பேசுவதற்குச் சொல் வேண்டும். சொல்லுக்குப் பொருள் வேண்டும். பொருளைத் தேடிக் கண் இலைக்கு இலை தாவ வேண்டியிருந்தது. மௌனத்துக்கு அந்த நெருக்கடி இல்லை.

நோயுற்ற கொழுந்துகளைக் கிள்ளி உறையில் போட்டுக் கட்டி எறிந்தேன். நனையும் கந்தகத்தை உறையில் குறித்திருந்த அளவில் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு, இலைகளின் அடிப்பக்கம் நனையும்படி தெளித்தேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும். முதலில் கைக்கு வந்தது வேப்பெண்ணெய்தான் என்றாலும், எண்ணெயும் கந்தகமும் அடுத்தடுத்து விழுந்தால் இலை கருகும் என்பதால் ஒன்றையே பிடித்துக்கொண்டேன். சிலந்தி ஒழிந்த பிறகும் பழைய கொழுந்துகள் சில வாரம் கோணலாகவே இருந்தன. கீழ்க் கணுக்களிலிருந்து புதுத் தளிர் வந்த பிறகுதான் செடிகள் தெளிந்தன. மூன்று செடிகள் தேறவில்லை. இருபத்தெட்டாம் நாளோடு சோதனையை முடித்துக்கொண்டேன்.

இப்போதும் செடிகளோடு பேசுகிறேன். ஆனால் ஒலிவாங்கியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு பேசுகிறேன். தொட்டிகளுக்கு எண் எழுதி ஒட்டியிருக்கிறேன். முதலில் எண்ணைச் சொல்ல வேண்டும்; பிறகு கொழுந்து, இலையின் அடி, தொட்டியின் கனம் ஆகிய மூன்றையும் பற்றி ஆளுக்கு ஒரு வாக்கியம்; அதற்குப் பிறகு திட்டுவதோ கொஞ்சுவதோ என் விருப்பம். பேச்சை எழுத்தாக மாற்றும் செல்பேசி வசதியைக் கொண்டு அதை அன்றாடம் எழுத்தாக்கி வைக்கிறேன். அந்த வசதிக்குக் கொழுந்து என்ற சொல் பிடிபடுவதில்லை. "ஐந்தாம் கொழுந்தன் சுருண்டு கிடக்கிறார்" என்று ஒருநாள் எழுதி வைத்திருந்தது. தங்கை அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் சிரித்தாள். இப்போது 'நுனி' என்று சொல்லப் பழகியிருக்கிறேன். கையையும் கட்டிப்போடுவதில்லை. முதல் சுற்று கற்றுக்கொடுத்தபடி, நட வேண்டிய நாற்றுகளின் தலையை ஓர் அட்டைத்துண்டால் காலையில் இருபது முறை மெல்ல வருடிவிடுகிறேன். ஒல்லியாக நீண்டு சாய்கிற நாற்று இப்போது அரிது. சிலந்தி இருக்கும் தட்டில் மட்டும் அட்டையை எடுப்பதில்லை.

இந்த முறையிலும் ஒரு ஓட்டை இருப்பதைப் பிறகு கண்டுகொண்டேன். சில நாள் வாய் பழக்கத்தில் ஓடிவிடுகிறது. கண் வேறெங்கோ இருக்கிறது. ஒரு தொட்டிக்கு நான்கு நாள் தொடர்ச்சியாக ஒரே வாக்கியம் விழுந்திருந்தால் நான் பார்க்காமல் பேசியிருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, அன்று அந்தத் தொட்டியைப் பலகையிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறேன். சென்ற வாரம் பதினேழாம் தொட்டிக்கு நான்கு நாளும் "நீ நன்றாக இருக்கிறாய்" என்றே எழுத்தாகியிருந்தது. எடுத்து மூன்றாம் இலையைத் திருப்பினேன். நரம்பின் கவட்டில் அசுவினிகள் இரண்டு, ஒன்று இறக்கையோடு.